போகிக்கு எதை வெளியே போடலாம்?



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது மயிலாப்பூர் மாட வீதிகளில் கரும்பும் மஞ்சள் கொத்தும் வந்து இறங்கியிருக்கும். தி.நகர் பக்கம் துணி எடுக்கப் போனவர்கள் முழுசாகத் திரும்பி வந்தாலே சாதனைதான். வீட்டில் பரண் இறங்கியிருக்கும். எதைப் பழைய பாத்திரக்காரரிடம் போடுவது, எதை மறுபடி மேலே ஏற்றுவது என்று மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும். அதில் நானும் கொஞ்சம் மூக்கை நுழைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

காரணம், உங்கள் கடிதங்கள்தான். சில மாதங்களாக ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: “எதைத்தான் சாப்பிடுவது, நீங்களே சொல்லுங்கள்!” அடையாறு வாசகி ஒருவர் பேரனுக்கு ஆப்பிள் கொடுப்பதையே நிறுத்திவிட்டாராம், மேலே மெழுகு பூசுகிறார்கள் என்று. இன்னொருவர் பிளாஸ்டிக் அரிசி வீடியோவை அனுப்பி, “இதைப் பிரசுரித்து மக்களைக் காப்பாற்றுங்கள்” என்கிறார். அந்த வீடியோ ஊரை எத்தனை முறை சுற்றி வந்ததோ. அரிசியைவிட விலை கூடிய பிளாஸ்டிக்கை அரிசியில் கலந்து எந்த வியாபாரி லாபம் பார்ப்பார் என்று மட்டும் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

உங்கள் பயத்தை நான் கேலி செய்யவில்லை. பயம் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் வேறு தெருவில் நிற்கிறதே என்பதுதான் என் ஆதங்கம். 2025 கோடை நினைவிருக்கிறதா? தர்பூசணியில் ஊசி போட்டுச் சிவப்பு ஏற்றுகிறார்கள் என்று சென்னையில் ஒரு பேச்சு கிளம்பியது. வெட்டிய பழத்தில் டிஷ்யூ பேப்பரை வைத்து ஒற்றி, சிவப்பு ஒட்டினால் கலப்படம் என்று ஆளாளுக்குச் சோதனை செய்தார்கள். சுட்டெரிக்கும் வெயிலில் பழம் விற்கவில்லை. விலை சரிந்தது, விவசாயிகள் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். அப்படிக் கலப்படம் செய்த பழம் பிடிபடவில்லை என்று பிறகு அதிகாரிகளே விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. தர்பூசணியின் சொந்த நிறமே கையில் ஒட்டும் நிறம்தான். ஊசி குத்தினால் குத்திய இடத்திலிருந்து பழம் அழுகும்.

ஆனால் அதே தர்பூசணியில் நிஜமான ஆபத்து ஒன்று இருக்கிறது. தோலைக் கழுவாமல் கத்தி போடுகிறார்கள். மண்ணில் கிடந்த பழத்தின் தோலில் இருக்கும் கிருமி கத்தியோடு சதைக்குள் போகிறது. புளிப்பில்லாத, நீர் நிறைந்த சதை கிருமிக்குப் பிடித்த இடம். அப்படி வெட்டிய துண்டுகளைத் தள்ளுவண்டியில் மதியம் முழுக்க வெயிலில் அடுக்கி வைத்து விற்பதை யாரும் வீடியோ எடுப்பதில்லை. நாமும் வாங்கி, நின்ற இடத்திலேயே சாப்பிட்டுவிட்டு வருகிறோம்.

பயமுறுத்துகிற சமாசாரம் ஒரு மூட்டை. பயப்பட வேண்டியது ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடியைப் பற்றித்தான் இந்த மாதம் பேசப் போகிறேன்.

முதலில் ஈயம், அதாவது காரீயம். குழந்தை இருக்கிற வீட்டில் இதைவிட முக்கியமான நச்சு எனக்குத் தெரிந்து இல்லை. ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். அது நேரே மூளையைத் தொடும். படிப்பில் கவனம் நிற்காது, படபடப்பு கூடும். காய்ச்சல் வராது, வாந்தி வராது. “வால்தனம் ஜாஸ்தி” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம்.

இது ஏதோ வெளிநாட்டுக் கதை இல்லை. நம் சென்னைப் பள்ளிகளில் 3 முதல் 7 வயது வரையிலான 756 குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்து, ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். டெசிலிட்டர் ரத்தத்தில் சராசரியாகச் சுமார் 11 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. ஈயம் கூடக்கூட, வகுப்பில் கவனக்குறைவு கூடியிருப்பதாக ஆசிரியர்கள் கொடுத்த மதிப்பீடு காட்டியது. அமெரிக்காவில் இன்று 3.5 மைக்ரோகிராமைத் தாண்டினாலே எங்கிருந்து வருகிறது என்று தேட ஆரம்பிக்கிறார்கள். ஈயம் கலந்த பெட்ரோலை நம் நாட்டில் 2000இலேயே நிறுத்திவிட்டோம். அதன் பிறகும் இந்த நிலை. 2020இல் யூனிசெப் வெளியிட்ட கணக்கின்படி, ரத்தத்தில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் உள்ள குழந்தைகள் இந்தியாவில் மட்டும் சுமார் 27.5 கோடி.

பெட்ரோலிலிருந்து வரவில்லை என்றால் வேறு எங்கிருந்து?

மஞ்சளிலிருந்து வரலாம். பக்கத்து வங்கதேசத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 1980களில் வெள்ளத்தில் நனைந்து மங்கிப்போன மஞ்சளுக்குப் பளபளப்புக் கொடுக்க யாரோ லெட் குரோமேட் என்ற சாயத்தைப் பூசியிருக்கிறார்கள். பெயின்ட்டுக்குப் போடுகிற மஞ்சள் சாயம் அது. அதில் ஈயமும் இருக்கிறது, குரோமியமும் இருக்கிறது. வெள்ளம் வடிந்தது, பழக்கம் வடியவில்லை. கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஏன் இவ்வளவு ஈயம் என்று டாக்காவின் ஐசிடிடிஆர்,பி நிறுவனமும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் தேடிப் போனபோதுதான் மஞ்சள் அகப்பட்டது. 2019இல் அவர்கள் எடுத்த சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம். அரசு சும்மா இருக்கவில்லை. பத்திரிகைகளில் எச்சரிக்கை விட்டது, சந்தையில் கையடக்கக் கருவியோடு சோதனை போட்டது, சிக்கியவர்களுக்கு அபராதம் விதித்தது. 2021இல் அந்த 47, பூஜ்யம் ஆனது. இரண்டே வருடம்!

அதே ஆய்வாளர்கள் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளின் 23 நகரங்களில் மஞ்சள் வாங்கிச் சோதித்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு கிராம் மஞ்சளில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். பாட்னா, கராச்சி, பெஷாவர் நகரங்களில் 1000 மைக்ரோகிராமையும் தாண்டிய மாதிரிகள் கிடைத்தன. பிரச்சினை தெற்கைவிட வடக்கில்தான் பெரியது. ஈரோட்டு மஞ்சளைச் சந்தேகப்பட்டு இன்றைக்கே டப்பாவைக் கவிழ்த்துவிட வேண்டாம்.

இதில் ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு. “தூள் வாங்கினால்தான் கலப்படம், நான் விரலி மஞ்சள் வாங்கி மில்லில் அரைக்கிறேன்” என்று நிம்மதியாக இருப்பவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். மேற்படி சாயத்தைப் பூசுவதே முழு மஞ்சளுக்குப் பாலிஷ் போடும் கட்டத்தில்தான். ஆகவே முழு மஞ்சளா தூளா என்பது மட்டும் விஷயமில்லை. மேல்தோல் சொரசொரப்பாக, மண்நிறம் கொஞ்சம் ஒட்டி, அழுது வடிகிற மாதிரி இருக்கிற பாலிஷ் போடாத மஞ்சள்தான் நல்ல மஞ்சள். கண்ணைப் பறிக்கிற பளீர் மஞ்சளைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அழகான மஞ்சளைத் தேடித் தேடி வாங்கும் நம் பழக்கம்தான் வியாபாரியைச் சாயத்தின் பக்கம் தள்ளுகிறது.

அடுத்தது, மயிலாப்பூர்க்காரர்கள் என் மேல் பாயப் போகும் விஷயம்: ரசச் சொம்பு. ஈயச் சொம்பு ரசத்தின் மணத்துக்கு நானும் அடிமை. அதை விடச் சொல்லவில்லை. சொம்பு வெள்ளீயத்தில், அதாவது டின்னில், இருக்க வேண்டும், அவ்வளவுதான். வெள்ளீயத்தைவிடக் காரீயம் மலிவு. அதைக் கலந்து வார்த்துவிட்டால் புளியும் தக்காளியும் சேர்ந்த கொதிக்கிற ரசம் அதைக் கரைத்து உங்கள் தட்டில் கொண்டுவந்து சேர்க்கும்.

மாட வீதிப் பாத்திரக் கடைகளில் விவரம் தெரிந்த பாட்டிகளைக் கவனித்திருக்கிறேன். பில் போடச் சொல்வதற்கு முன்னால் சொம்பின் விளிம்பை ஒரு வெள்ளைத் தாளில் அழுத்தி இழுப்பார்கள். பென்சில் கோடு மாதிரி கருகருவென்று விழுந்தால் சொம்பு திரும்ப அலமாரிக்குப் போய்விடும். வெள்ளீயத் தகட்டை வளைத்தால் ஒரு மெல்லிய நொறுநொறுப்புச் சத்தம் கேட்கும். காரீயம் வாயே திறக்காது. இதெல்லாம் நல்ல முதல் சோதனை. ஆனால் கொஞ்சமாகக் கலந்திருந்தால் பாட்டியின் தாள் கண்டுபிடிக்காது. எடை போட்டு, “வெள்ளீயம்” என்று பில்லில் எழுதித் தரும் கடையில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள். பித்தளைப் பாத்திரத்துக்குக் கலாய் பூசுகிறவரிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம். நவாச்சாரப் புகை கிளம்பப் பூசுவதைப் பார்த்து ரசித்தால் மட்டும் போதாது, என்ன பூசுகிறார் என்றும் பார்க்க வேண்டும்.

பரணில் இருக்கும் பழைய இண்டாலியம் வாணலிக்கு வருவோம். எண்பதுகளில் சீர்வரிசையில் வந்து, அடி கறுத்து, கைப்பிடி ஆடிக்கொண்டிருக்குமே, அதுதான். பழைய இரும்புக் கடைச் சரக்கையெல்லாம் உருக்கி வார்க்கும் அலுமினியக் கலவைகளில் ஈயமும் சேர்ந்துவிடுகிறது. அமெரிக்காவின் சியாட்டில் பக்கம் ஆப்கன் அகதிக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் மிகுந்திருந்ததற்குக் காரணம் தேடியவர்கள், அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினியப் பாத்திரங்களில் போய் நின்றார்கள். 2025 ஆகஸ்டில் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் இண்டாலியம் வகைப் பாத்திரங்கள் சிலவற்றில் ஈயம் கசிகிறது என்று பகிரங்கமாக எச்சரித்தது. நியூஜெர்சிப் பெண்ணுக்கு இங்கிருந்து பாத்திரம் அனுப்பும் அம்மாக்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா இண்டாலியமும் கெட்டது என்று சொல்ல மாட்டேன். எது நல்லது என்று பார்த்துச் சொல்ல முடியாத பாத்திரத்தில் வத்தக்குழம்பு கொதிக்க வேண்டிய அவசியம் என்ன? எவர்சில்வரும் இரும்பும் இருக்கின்றன. இரும்பு வாணலியில் சமைத்தால் கொஞ்சம் இரும்புச் சத்தும் சேரும். இரும்புச் சத்துக் குறைந்த குழந்தையின் உடம்பு ஈயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும் என்பதால் அதுவும் லாபம்தான். முருங்கைக்கீரை, கேழ்வரகு எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

பொங்கலுக்கு வெள்ளையடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதாவது மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பழைய வீடுகளின் ஜன்னல் கம்பியிலும் கதவிலும் அடுக்கடுக்காக உரியும் பச்சையும் நீலமும் அந்த விதிக்கு முந்தையவை. அதை உப்புத்தாள் போட்டு உலர்ந்தபடியே தேய்த்தால் கிளம்பும் தூசு வீடெங்கும் படியும். தவழுகிற குழந்தை கையில் ஒட்டி வாய்க்குப் போகும். தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு நாள் குழந்தையைத் தாத்தா வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தாத்தா ஒன்றும் சொல்ல மாட்டார்.

போகிக்கு வருகிறேன். வெளியே போடுங்கள் என்கிறேனே தவிர, கொளுத்துங்கள் என்று சொல்லவில்லை. 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் புகைமூட்டத்தால் விமானங்கள் தடுமாறியதைப் பலர் மறந்திருப்பீர்கள். டயரும் பிளாஸ்டிக் பாயும் எரிந்தால் பென்சீனும் டயாக்சினும் கிளம்பும். பாட்டிகள் எரித்தது பழைய கோரைப்பாயும் தென்னந்துடைப்பமும். நாம் எரிப்பது வேறு சரக்கு. போகிக்கு முன்பே மாநகராட்சி வண்டியில் பழைய பொருட்களைத் தனியாக வாங்கிக்கொள்கிறார்கள். அங்கே கொடுங்கள். பிள்ளைகள் மேளம் அடிக்கட்டும். அதற்குப் புகை வேண்டாம்.

ஊரெல்லாம் ஒரு நாள் புகைக்கு முகம் சுளிக்கும் நாம், தினமும் ராத்திரி படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொசுவர்த்திச் சுருள் ஏற்றுகிறோம். ஒரு சுருள் முழுதும் எரிந்தால் வெளியாகும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003இல் ஓர் ஆய்வு அளந்து சொன்னது. சிகரெட் பிடிப்பவரை மொட்டை மாடிக்குத் துரத்தும் வீட்டில் தொட்டிலுக்குக் கீழே சுருள்! கொசுவலை கட்டுங்கள், ஜன்னலுக்கு வலை அடியுங்கள். சாம்பிராணியை நிறுத்தச் சொல்லும் துணிச்சல் எனக்கில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு போடுங்கள், போதும்.

இனி அடுப்படி. நச்சு மெள்ளக் கொல்லும்; கெட்டுப்போன சாப்பாடு ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். பொங்கல் அன்றே அதற்கு வாய்ப்பு இருக்கிறது. விடியற்காலை வெண்கலப் பானையில் பொங்கிய வெண்பொங்கல் சாயங்காலம் வரை மேடையிலேயே இருக்கும். வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு கரண்டி எடுத்து வைப்போம். கெட்டியான பொங்கல் நடுவில் மணிக்கணக்காக வெதுவெதுப்பாகவே இருக்கும். அந்த வெதுவெதுப்புதான் கிருமிக்குத் தொட்டில். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இயல்பாகவே உண்டு. கொதித்தாலும் அவை சாகாது. சோறு ஆறத் தொடங்கியதும் முளைத்துப் பெருகி, வாந்தி வரவழைக்கும் ஒரு நஞ்சைச் சோற்றில் விட்டுவிடும். அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் அழியாது. “கொதிக்க வைத்துவிட்டால் எல்லாம் செத்துவிடும்” என்ற நம் நம்பிக்கை இங்கே தோற்கிறது. கை நகத்திலிருந்து சுண்டலுக்குப் போகும் ஸ்டாஃபிலோகாக்கஸும் இதே ரகம்.

செய்ய வேண்டியது சுலபம். சூடாக இருக்க வேண்டியதை ஆவி பறக்கச் சூடாக வையுங்கள், 60 டிகிரிக்கு மேல். இல்லையென்றால் அகலமான தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். பானையோடு தூக்கி உள்ளே வைத்தால் வெளியே குளிரும், நடுவில் குளிராது. தேங்காய்ச் சட்னி மிஞ்சினால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

“அப்படியென்றால் பழைய சோறு?” என்று கேட்பீர்கள். தண்ணீர் ஊற்றிய சோற்றில் லாக்டிக் அமிலக் கிருமிகள் பெருகிப் புளிக்க வைக்கின்றன. அந்தப் புளிப்பு கெட்ட கிருமிகளை அடக்குகிறது. ஸ்டான்லி மருத்துவமனையில் குடல் நோய்க்குப் பழைய சோறு உதவுமா என்று ஆராய்ச்சியே நடந்தது. சுத்தமான தண்ணீர், சுத்தமான கை, காலையிலேயே சாப்பிட்டு முடிப்பது என்ற மூன்றும் இருந்தால் நானும் உங்கள் கட்சி. தண்ணீர் ஊற்றாமல் குக்கரிலேயே மறந்து வைத்த நேற்றைய சோறு பழைய சோறு ஆகாது.

காணும் பொங்கலுக்கு மெரினாவோ கிண்டியோ போகிறவர்கள் முன்னோர் சொன்ன கட்டுச்சோற்றையே கட்டிக்கொள்ளுங்கள். புளியோதரையில் புளிப்பும் எண்ணெயும் இருக்கிறது, ஈரம் குறைவு. பால் தாராளமாக விட்டு, ஒரு கரண்டி தயிர் பிசறிய தயிர்சாதம் போகிற வழியிலேயே புளித்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். தேங்காய் சாதத்தையும் முட்டை மயோனைஸ் தடவிய சாண்ட்விச்சையும் வெயிலில் எடுத்துப் போகாதீர்கள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸை 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழக அரசு தடை செய்ததற்குக் காரணமே சால்மோனெல்லா பயம்தான். பிள்ளைகள் பஞ்சு மிட்டாய் கேட்டால், 2024 பிப்ரவரியில் மெரினாவில் பிடித்த பஞ்சு மிட்டாயில் துணிச் சாயமான ரோடமின்-பி இருந்ததும், அரசு அதற்குத் தடை போட்டதும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

கடைத்தெருவைப் பற்றி இரண்டே விஷயம். தி.நகரில் தாகத்துக்கு ஜூஸ் குடிக்கும் முன் ஐஸைப் பாருங்கள். மீனுக்கும் மற்றதுக்கும் போடுகிற, சாப்பிடத் தகாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று 2018 ஜூனிலிருந்து விதி. நீலம் கண்டால் நடையைக் கட்டுங்கள். வெள்ளையாக இருந்தாலும், கோணியில் சுற்றித் தரையில் உருட்டி உடைத்த ஐஸ் என்றால் “ஐஸ் வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, பஜ்ஜி மடித்துத் தரும் தாள். செய்தித்தாளில் சாப்பாடு கட்டக் கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் எச்சரித்தது, 2018இல் விதியாகவே போட்டது, 2023இல் மறுபடியும் சொன்னது. சூடான எண்ணெய் மசியை அப்படியே இழுத்துக்கொள்ளும். பத்திரிகை நடத்துகிற நானே சொல்கிறேன்: எங்கள் பழைய இதழ்களும் இந்த வேலைக்கு ஆகாது. நாங்கள் எழுதுவதைக் கண்ணால் ஜீரணித்தால் போதும். வாழை இலைத் துண்டில் கொடுக்கும் கடை மயிலாப்பூரில் இன்னும் இருக்கிறது. சாம்பார் பார்சலுக்குத் தூக்கு எடுத்துப் போகிறவரைப் பார்த்துச் சிரித்த காலம் போய்விட்டது. 2019 முதல் மெல்லிய பிளாஸ்டிக்குக்குத் தடை இருந்தும், கொதிக்கிற சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ரப்பர் பேண்ட் போடுவது நின்றபாடில்லை. காகிதக் கப்பும் தப்பில்லை என்று நினைக்காதீர்கள். உள்ளே பூசியிருப்பது பிளாஸ்டிக்தான். சூடான நீர் 15 நிமிடம் அதில் இருந்தால் சுமார் 25,000 நுண்துகள்கள் உதிர்கின்றன என்று ஐஐடி கரக்பூர் 2020இல் எண்ணிச் சொன்னது. கண்ணாடி டம்ளரில் டீ தரும் கடைக்காரரை வாழ்த்துங்கள். அவர் அதைச் சுடுநீரில் அலசுகிறாரா என்றும் பாருங்கள்.

கடைசியாக, வீட்டுக்குள் நாம் எவ்வளவு கவனமாக இருந்தாலும் மஞ்சளில் ஈயம் இருக்கிறதா என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. இங்கேதான் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. தி.நகர் நகைக்கடைகளில் வளையலை ஒரு பெட்டிக்குள் வைத்தால் எத்தனை காரட் என்று உடனே சொல்லும் கருவியைப் பார்த்திருப்பீர்கள். எக்ஸ் கதிரைப் பாய்ச்சி உலோகத்தை அடையாளம் காணும் கருவி அது. டாக்காச் சந்தையில் மஞ்சளைச் சோதித்தது அதன் தம்பிதான். 1918இலேயே உணவுக் கலப்படத் தடைச் சட்டம் போட்ட மாகாணம் நம்முடையது. நம் ஊரில் தங்கத்துக்குத் தெருவுக்கு நாலு கருவி. பிள்ளை சாப்பிடும் மஞ்சளுக்கும், ரசம் வைக்கும் சொம்புக்கும் ஒன்றுகூட இல்லை. கொத்தவால்சாவடியிலும் கோயம்பேட்டிலும் மாதம் ஒரு முறை அப்படி ஒரு கருவியோடு உணவுப் பாதுகாப்புத் துறையினர் வந்து நின்றால் போதும். வங்கதேசத்தால் முடிந்தது நம்மால் முடியாதா?

அதுவரை நம் கையில் ஒரு சட்டம் இருக்கிறது, பலருக்கும் தெரியாது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவுப்படி, வாங்கிய பொருளைச் சோதனைக்கு அனுப்பப் போவதாக வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, நீங்களே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம். பொருள் தரக்குறைவு என்று தெரிந்தால் கட்டணம் திரும்ப வந்துவிடும். கிண்டி கிங் நிலைய வளாகத்தில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. மயிலாப்பூரிலிருந்தும் தி.நகரிலிருந்தும் ஒரு ஆட்டோ தூரம். தனி ஒருவர் போவதைவிட, குடியிருப்புச் சங்கம் சேர்ந்து பத்து வீட்டு மஞ்சளுக்குப் பொதுவாக ஒரு கடைச் சரக்கைக் கொடுத்தால் செலவும் குறையும், கடைக்காரருக்கும் செய்தி போய்ச் சேரும். சுத்தமில்லாத கடை, கெட்ட சாப்பாடு பற்றிப் புகார் சொல்ல உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. பில்லில் இருக்கும் 14 இலக்க உரிம எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள்.

உங்களில் யாராவது இந்தப் பொங்கலுக்குப் பிறகு மஞ்சளையோ ஈயச் சொம்பையோ சோதனைக்குக் கொடுத்தால், கட்டணம் எவ்வளவு, எத்தனை நாள் ஆயிற்று, என்ன பதில் வந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். கடைப் பெயர் வேண்டாம், அனுபவம் வேண்டும். மாசி இதழில் அதற்கென்றே இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்